துவைக்காத சாக்ஸ்

“வாய்க்குள்ள அட்டையத் திணிடி! நல்லா அமுக்கிப் பிடி, விட்டா வெளிய வந்துரும்!”

வாசல் பனியை வாரிக் கொட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த ஓரெஸ்டுக்குப் பகீரென்றது. பெரியவள் ட்ரீனா சின்னவளை என்ன செய்துகொண்டிருக்கிறாள்? பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினான்.

அங்கே கொலை ஒன்றும் நடக்கவில்லை. மேஜை நிறையப் பொத்தான், கம்பளி நூல், ரிப்பன் துண்டு, பசை. சின்னவள் மிலாவின் கையில் பச்சை நிற முதலை ஒன்று சிவப்பு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்குள்தான் சீரியல் டப்பா அட்டை போய்க்கொண்டிருந்தது.

“பொம்மை பண்றோம்ப்பா. ஊசியும் வேணாம், தையலும் வேணாம். எல்லாம் பசைதான்,” என்றாள் ட்ரீனா. “நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு ஆட்டம் காட்டப் போறோம்.”

ஓரெஸ்ட் முதலையைக் கூர்ந்து பார்த்தான். பச்சைத் துணி, குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடு.

“ஐயோ! இது என் ராசி சாக்ஸ்!”

“உன் பை வாசல்ல திறந்து கிடந்துச்சு. இது எட்டிப் பாத்துச்சு, எடுத்துக்கிட்டேன்,” என்றாள் மிலா.

கனடாவின் யார்க்டன் ஊரில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஐஸ் ஹாக்கிப் போட்டி தொடங்கிவிட்டால் ஒருத்தனும் தன் ராசியில் கை வைக்க மாட்டான். அணித்தலைவன் லைல் இரண்டு மாதமாகத் தாடியைத் தொடவில்லை. கோல் காக்கும் ஓரெஸ்ட் முதல் ஆட்டத்தில் போட்ட சாக்ஸைத் துவைக்கவில்லை.

எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி. இன்று மூன்று மணிக்குப் பக்கத்து ஊர் மெல்வில்காரர்களோடு இறுதி ஆட்டம். போன வருஷம் கடைசி நிமிஷத்தில் ஓரெஸ்டின் கால் இடுக்கு வழியாகத்தான் ரப்பர் வட்டு வலைக்குள் போய் கோலானது. கறிக்கடையில், தேவாலயத்தில், பல் டாக்டரிடம் என்று எங்கே போனாலும் அந்தப் பேச்சுத்தான். இந்த முறையும் விட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது.

“டார்லீன், உன் பொண்ணுங்க பண்ண வேலையப் பாத்தியா? எட்டு வாரமா இதுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல! லைல் ஒரு தடவை சாக்ஸ் போட்டுக் கழட்டினாலே பக்கத்துல இருக்கறவன் மயங்கி விழுவான். இத மோந்து பாரு, நாத்தம் உண்டா? அதுதான் ராசி!”

அவன் மனைவி டார்லீன் மோந்து பார்க்கவில்லை. அவளுக்கு உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை தலைக்கு மேல் இருந்தது.

“பசை காஞ்சிருச்சு. பிச்சா கிழிஞ்சிரும்,” என்று மட்டும் சொன்னாள்.

“என் முதலையப் பிக்காதப்பா,” என்ற மிலாவின் கண்ணில் மளமளவென்று நீர் கோத்துக்கொண்டது. பெற்றவன் மனசு கேட்கவில்லை. கோல்காரன் மனசும் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓரெஸ்ட் திருதிருவென்று விழித்தான்.

ட்ரீனாதான் பஞ்சாயத்தை முடித்தாள். “அப்படியே மாட்டிக்கிட்டுப் போ. ஆனா கண்ணு, நாக்கு எதுவும் உதிரக் கூடாது. நாளைக்கு அதுதான் ஹீரோ.”

“சரிம்மா,” என்றான் ஓரெஸ்ட், பரமசாதுவாக.

ஆக, இறுதி ஆட்டத்தில் ஓரெஸ்ட் ஒரு முதலைக்குள் காலை விட்டுக்கொண்டு நின்றான். அட்டை விரலை நறநறவென்று கடித்தது. பொத்தான் கண் கணுக்காலுக்குக் கீழே குத்தியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வட்டுகளைத் தடுத்தான்.

யார்க்டன் இரண்டு, மெல்வில் ஒன்று. கடைசி நிமிஷம். மெல்வில்காரன் ஓங்கி அடித்த வட்டு, வழி தெரிந்ததுபோல் அதே கால் இடுக்கைப் பார்த்து வந்தது. ஓரெஸ்ட் முட்டி இரண்டையும் ஒட்டிக்கொண்டு பனித்தரையில் விழுந்தான். மணி அடித்தபோது வட்டு அவனுக்கு அடியில்தான் கிடந்தது.

உடை மாற்றும் அறையில் லைல் தாடி நனைய அழுதான். அத்தனை தடியன்களும் வரிசையில் வந்து முதலையின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஓரெஸ்டுக்கு நெஞ்சு விம்மியது. ஒரு வருஷ அவமானம் ஒரே மணியில் கழுவிப்போயிற்று.

இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியவன் முதலையை மிலாவிடம் பத்திரமாக ஒப்படைத்தான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நாக்கு கசங்கியிருக்கு. பரவாயில்ல,” என்று மன்னித்தாள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க,” என்று ஓரெஸ்ட் நாற்காலியில் ஏறி நின்றான். “முதல் ஆட்டத்துலேர்ந்து என்னைக் காப்பாத்தின சாக்ஸ் இது. நான் சாகிற வரைக்கும் இத யாரும் துவைக்கக் கூடாது!”

டார்லீன் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டை மேஜையில் வைத்தாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை அவன் இப்போதுதான் கவனித்தான்.

“ஆட்டம் முடியட்டும்னுதான் வாயத் திறக்கல. அந்த முதல் ஜோடி மறுநாளே குப்பைக்குப் போயிருச்சு, ஓரெஸ்ட். இது ஒம்பதாவது!”