மூன்று கை தண்ணீர்

ஊற்றுக்கண் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இல்லை. பாறை இடுக்கில் கசிந்து, பாசிக்கு அடியில் ஓடி மறைந்தது.

இதுவா அந்த ஆறு என்று பக்கத்தில் நட்டிருந்த பலகையை இரண்டு முறை படித்தேன். இதுதான்.

காலை பத்து நாற்பது. ஏறியது மூன்று மணி நேரம். நடுவில் உட்கார்ந்ததைக் கழிக்க வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டு கணக்கையும் குறித்துக்கொண்டேன். அளவில்லாமல் நாட்குறிப்பு எழுதக் கூடாது என்பார் மாலை வகுப்பு ஆசிரியை.

"எழுதிக்கிட்டே இரு. அதுக்குள்ள தண்ணி வத்திடப் போகுது" என்றார் அண்ணி.

அவர் என்னைக் கேலி செய்து பதினோரு மாதம் ஆகிறது. அதையும் எழுதினேன்.

பதினோரு மாதமாக வீட்டுக் குழாய்த் தண்ணீரை அண்ணி வாயில் வைக்கவில்லை. முதலில் கேன் வாங்கினோம். அதுவும் ஆற்றுத் தண்ணீர்தான் என்று கடைக்காரர் உளறியதும் கேன் நின்றது. அப்புறம் பால். எந்தத் தண்ணீரைக் கலக்கிறீர்கள் என்று அண்ணி நிதானமாக விசாரித்ததில், பால்காரர் எங்கள் தெருவுக்கே வருவதில்லை. பழங்களில் காலம் ஓடியது. இரண்டு முறை மயங்கி விழுந்தார்; குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

ஆறு பிறக்கிற இடத்துக்குக் கூட்டிப் போ, அங்கே குடிக்கிறேன் என்று அண்ணியேதான் கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுமோ என்று பயம்.

மண்டியிட்டார். கையைக் குழித்து ஏந்திக் காத்திருந்தார். அது நிறைவதற்கு வெகு நேரம் ஆனது.

ஒரு கை. இரண்டு. மூன்று. மோவாயில் வழிந்ததையும் விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டார்.

"கீழ எல்லாத் தண்ணியிலயும் உங்கண்ணன் இருக்கார். இங்க மட்டும்தான் இன்னும் வரல."

குளிக்க இறங்கிய அண்ணனை ஆறு இதுவரை திருப்பித் தரவில்லை.

நான் தலையாட்டினேன். 'மூன்று கை' என்று எழுதப் பக்கத்தைப் புரட்டினேன்.

போன வாரம் வகுப்பில் நான் வரைந்த படம் அங்கே இருந்தது. ஆறு, கடல், மேகம், மலை. சுற்றிலும் அம்புக்குறிகள். கடைசி அம்பு மலை உச்சியில் வந்து இறங்குகிறது. ஆசிரியை பத்துக்குப் பத்து போட்டிருந்தார்.

என்னைப் பற்றி என்ன எழுதினாய், காட்டு என்று அண்ணி ஈரக் கையை நீட்டினார்.

நல்லவேளையாகத் தூறல் விழுந்தது. நனைந்துவிடும் என்று சொல்லி நோட்டை மூடினேன்.