ஒரே மூச்சில்

தையல்காரிக்கு மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய். அதை மாத்திரையால் சமாளித்துவிட்டாள். சமாளிக்க முடியாதவன் கணவன்தான். தினமும் வேலை முடிந்து வந்ததும், அவள் தைத்து மடித்து வைத்த புதுத்துணி மேல்தான் தன் அழுக்குப் பையைப் போடுவான்.

அன்றும் போட்டான். காலையிலிருந்தே அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

“எத்தனை தடவை சொல்றது? கண்ணு என்ன...” அதற்குள் மூச்சு வாங்கியது.

“கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு!”

“வெறும் படபடப்புதாங்க.”

அவன் கேட்கவில்லை.

டாக்டர் சோதித்துவிட்டு, “மூச்சுத் தசை தளர ஆரம்பிச்சிருக்கு. நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார்.

“இவ ஒரே மூச்சுல எத்தனை வரைக்கும் எண்ணறாள்னு தினமும் பார்க்கச் சொன்னீங்களே! கேட்டா, ‘நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா’ன்னு முறைக்கறா. அதான் வேணும்னே திட்டு வாங்கி, வார்த்தையை எண்ணிக்கறேன். வழக்கமா மூச்சு விடாம முப்பது வரும். இன்னைக்கு அஞ்சுலயே நின்னுடுச்சு.”

ஆக்ஸிஜன் மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் அவனை முறைத்தன, முறைத்தபடியே கலங்கின.

ஆறாம் நாள் காலை, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அவனைப் பிடி பிடியென்று பிடித்தாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினான்.

“முப்பத்தஞ்சைத் தாண்டி எங்க அம்மா வரைக்கும் போயிட்டா, டாக்டர். வீட்டுக்கு அனுப்பிடுங்க!”