கவிதை இருந்த இடம்

அந்த இரண்டு வரிகளின் மேல் வைத்த விரலைப் புனிதா எடுக்கவே இல்லை.

‘கடலன்னை மடியினிலே கண்ணயர்ந்த கண்மணியே,
அலைபாடும் தாலாட்டில் அமைதியாய் உறங்குவாய்.’

நான் எழுதியது. பிரிக்பீல்ட்சில் இருக்கும் எங்கள் நாளிதழ் அலுவலகத்தில் நினைவஞ்சலிப் பக்கம் என் பொறுப்பு. போட்டோ, பிறந்த தேதி, மறைந்த தேதி, கீழே ஒரு கவிதை. மாரடைப்புக்கு ஒன்று, சாலை விபத்துக்கு ஒன்று என்று எப்போதும் கோப்பில் தயாராக இருக்கும். அலுவலகத்தில் எனக்குக் ‘கண்ணீர் கமலநாதன்’ என்று பெயர். எனக்குக் கோபம் வராது. இந்த ஊரில் தினமும் கவிதை அச்சாகிறவன் வேறு யார் இருக்கிறான்?

கடல் கவிதை மட்டும் கோப்பிலிருந்து எடுத்ததல்ல. புனிதாவின் மகன் குகனுக்கென்றே உட்கார்ந்து எழுதினேன்.

கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்த பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மீன் பிடிக்கப் போனான். படகு கவிழ்ந்தது. மூன்று பேர் கரையேறினார்கள். குகன் கிடைக்கவே இல்லை.

கிடைக்கவில்லை என்று கேட்டபோதுதான் எனக்கு ‘மடி’ என்ற சொல் வந்தது. அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்து வருடம் அதே கவிதைதான் வந்தது. புனிதா ஒன்றும் சொன்னதில்லை. படிவத்தில் மறைந்த தேதிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் போவார். பாவம், எழுதக் கை வரவில்லை என்று படகு கவிழ்ந்த தேதியை நானே போட்டுவிடுவேன்.

இது ஆறாவது வருடம்.

“கடலன்னைன்னு போடாதீங்கண்ணே. அவனுக்கு அம்மா நாந்தான்.”

குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

நான்கு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். மணி மூன்றேகால். ‘அன்னை’ என்ற சொல்லை அடித்தேன். மடியும் கூடவே போனது, தாலாட்டும் போனது. அப்புறம் கடலை என்னவென்று சொல்வது? முப்பது வருடமாகக் கடலைப் பாடியிருக்கிறேன். தாய் என்றேன், காதலி என்றேன், ஒரு முறை ஓயாத கவிஞன் என்றுகூடச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். அத்தனையும் இந்த அம்மாளின் முன்னால் வாயில் வைக்க முடியாததாக இருந்தது.

கடைசியில் ‘பாழும் கடலே, பறித்தாயே’ என்று எழுதிக் காட்டினேன். அதற்கும் தலையாட்டி மறுத்துவிட்டார்.

கவிதையே வேண்டாமாம். அந்த இடத்தில் வேறொன்று போட வேண்டுமாம்.

கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். டெங்கிலில் ஒரு வீட்டு முகவரி. கதவு எண்வரை பெரிய எழுத்தில் இருந்தது. சாலாக் செலாத்தானில் அவர்கள் இருக்கும் பழைய ஃப்ளாட்டை இடிக்கப்போகிறார்களாம். அடுத்த மாதம் எல்லாரும் காலி செய்ய வேண்டுமாம்.

நினைவஞ்சலியில் முகவரி எதற்கு, திதிக்கு ஆட்களை அழைக்கிறீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

“ஆளுங்களுக்கு இல்லண்ணே. அவன் பழைய வீட்டுல வந்து நின்னான்னா, நாங்க எங்க போனோம்னு எப்படித் தெரியும்?”

முகவரியைத் தட்டச்சு செய்தேன். கவிதை இருந்த இடத்தில் சரியாகப் பொருந்தியது.

பிறகு படிவத்தைப் பார்த்தேன். மறைந்த தேதிக் கட்டம் வழக்கம்போல் காலியாக இருந்தது.

ஐந்து வருடமாக அதை நிரப்பிக்கொண்டிருந்தவன் நான்.