வடாம் பிழிந்த நாள்

வெயில் ஐம்பத்திரண்டு டிகிரியைத் தொட்டதும் வீடு தானாகவே எல்லாக் கதவுகளையும் பூட்டிக்கொண்டது. குளிர்காற்று பரவியது. "இருவரும் உள்ளே இருக்கிறீர்கள். இனி மாலை ஆறு மணிக்குத்தான் கதவு திறக்கும்" என்றது வீடு.

பரணி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். மாவுப் பாத்திரத்தின் அருகே மனைவி சாருமதியின் கைப்பட்டை கிடந்தது. வடாம் பிழியும்போது மாவு ஒட்டுமென்று கழற்றி வைத்திருக்கிறாள். வீடு ஆட்களை எண்ணுவது அந்தப் பட்டையை வைத்துத்தான்.

மொட்டைமாடிக் கதவு தடதடத்தது.

"ஏங்க, கதவத் தொறங்க! கால் பொசுங்குது!"

பட்டையை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினான். "தொற! வெளிய என் பொண்டாட்டி நிக்கிறா!"

"சாருமதி உங்கள் பக்கத்தில்தானே நிற்கிறார்" என்றது வீடு. "வெளியே தட்டுவது வேறு யாரோ. பயப்படாதீர்கள், பூட்டு பலமானது."