முள் குத்திய விரல்

செடி விற்கும் கம்பெனியில், பூப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் நிறம் மாற்றுவது அவன் வேலை. அன்றைக்கு மேலாளர் வந்து, "சிவப்பு ரோஜாவ எவன் சீண்டுறான்? நீலமாக்கி விடுப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

படத்தில் அந்த ரோஜாவைப் பிடித்திருந்தது அவன் மனைவியின் கை. முந்தின நாள் வீட்டுத் தொட்டியருகே அவனே எடுத்த படம். படத்தில் கையைத் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் நிறத்தை மாற்ற வேண்டும், மறந்துவிட்டான். இருந்த சிவப்பெல்லாம் மவுஸின் ஒரே தட்டலில் நீலமானது. முள் குத்திய கட்டைவிரலில் துளிர்த்திருந்த ரத்தமும் நீலமானது. கடுகளவு புள்ளியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே அச்சுக்கு அனுப்பினான்.

சாயங்காலம் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, நேத்து முள்ளு குத்தினது இன்னும் ஆறல பாருங்க," என்று விரலை நீட்டினாள். சோப்பு நுரையில் நீலமாக ஒரு கோடு இறங்கியது.

"என்னடி இது, நீலமா வருது?"

"கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சா? ரத்தம் நீலமா வராம பின்ன எப்படி வரும்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். "ஏன், உங்களுக்கு வேற கலரா?"

அவன் கை தானாகக் கன்னத்துக்குப் போய், காலையில் சவரம் செய்தபோது பட்ட சிவப்புக் கீறலை மூடிக்கொண்டது.