டிராகனுக்கு ஒரே வெட்டு

குகை வாசலில் ஒன்பது பூதங்கள் நின்றன. ஒன்பதும் சட்டைப் பொத்தான்கள்.

தலையில் பிளாஸ்டிக் வடிகூடையைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் மரக்கரண்டியோடு, சிறையிலிருக்கும் ராணியை மீட்க வந்த வீராங்கனை அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். வீராங்கனைக்கு வயது நாலரை.

"எட்டு."

"ஒண்ண விட்டுட்ட. அது பின்னாடி வந்து உன் மண்டையில போட்டுடுச்சு. திரும்ப முதல்லேருந்து," என்றாள் அம்மா, விரல் நுனியால் பொத்தான்களை மறுபடி வரிசையில் நகர்த்திக்கொண்டே.

வீராங்கனை உதட்டைப் பிதுக்கினாள். ஆனாலும் எண்ணினாள்.

அவள் கணவன் கதவோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. இன்று இரண்டு மணிக்கே முடிந்துவிட்டதால் வெயில் இருக்கும்போதே வீடு வந்திருந்தான். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் தர ஆளில்லை. ராணி சிறையில் இருக்கும்போது யாரைக் கேட்பது?

மூன்று வாரமாக இதே கூத்துதான்.

மனைவி மருந்துக் கடையில் ஆறு வருடம் பார்த்த வேலையை ஒரே நாளில் உதறிவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளைக்கு எண்ணக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றாள். அதற்கு எவளாவது வேலையை விடுவாளா என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

முதலில் அவனும் சேர்ந்துதான் விளையாடினான். போர்வையைப் போர்த்திக்கொண்டு கரகரத்த குரலில் உறுமுவான். பாலத்துக்குப் பத்துப் பலகை, மந்திரக் கஷாயத்துக்கு நாலு மூடி தண்ணீர். பிள்ளை விக்கல் வரும்வரை சிரிப்பாள்.

பிறகு விளையாட்டு வீட்டை விட்டு வெளியே போனது.

பஸ் நிறுத்தத்தில் பிள்ளைதான் கோட்டைக் காவலாளி. வருகிற மிருகத்தின் நெற்றியில் என்ன எண் என்று அவள் உரக்கச் சொன்னால்தான் ஏறலாம். போன வாரம் அவள் ஆறா ஒன்பதா என்று தடுமாறி நின்றதில் பஸ் போயே போய்விட்டது. பிள்ளை நடுரோட்டில் அழுதாள். அம்மாவோ பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த மிருகம் வரும், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார் என்றாளாம். பக்கத்து வீட்டுக்காரி வந்து அவனிடம் சொல்லிக் குறைபட்டுக்கொண்டாள்.

முந்தாநாள் பிள்ளை தூக்கத்தில், "பதினாலு... பதினாலு..." என்று முனகினாள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தப் பிஞ்சை ஏன் இப்படிப் பிழியற? பள்ளிக்கூடம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"பள்ளிக்கூடத்துல மெதுவாச் சொல்லிக்கொடுப்பாங்க. அதுவரைக்கும் நேரமில்லங்க," என்றாள் அவள். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது வீராங்கனை ஒன்பது பூதங்களையும் எண்ணி முடித்துவிட்டாள். மிச்சம் டிராகன் மட்டும். அம்மா இரண்டு கைகளையும் சிறகாக விரித்தாள்.

"பகடையில ஆறு விழுந்தா ஒரே வெட்டு. கம்மியா விழுந்தா ராணி இன்னிக்கும் சிறையிலதான். போடு கண்ணு."

அந்தக் குரலில் விளையாட்டே இல்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிற குரல். இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று அவன் எழுந்து வந்தான்.

பகடை உருண்டது. நாற்காலிக் காலில் மோதித் திரும்பி, அம்மாவின் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றது.

இரண்டு.

நின்ற இடத்திலிருந்தே அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. வெள்ளையில் இரண்டு கறுப்புப் புள்ளி.

பிள்ளை குனிந்து பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. அம்மாவை ஏறிட்டாள். பிறகு அப்பாவை. மெதுவாக விரலை உதட்டில் வைத்து, சொல்லாதே என்று அவனுக்குச் சைகை காட்டினாள்.

"ஆறு," என்றாள்.

அம்மா பகடையின் மேலேயே குனிந்திருந்தாள். அவள் மூக்குக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை.

"நல்லா எண்ணினியா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு."

அம்மாவின் முகம் மலர்ந்தது. சிறகு இரண்டும் துவள, டிராகன் மல்லாந்து சரிந்து கண்ணை மூடிக்கொண்டது. பிள்ளை குதித்த குதியில் வடிகூடை கழன்று உருண்டது.

பிள்ளைக்காக விட்டுக்கொடுத்திருப்பாள் என்று நினைத்து அவன் காத்திருந்தான். இப்போது ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சிமிட்டுவாள்.

சிமிட்டவில்லை. மூன்று வாரத்தில் ஒரு பொத்தானைக்கூட விட்டுக்கொடுக்காதவள்.

அவன் அவள் தலைமாட்டில் குந்தினான். பிள்ளை காதில் விழாதபடி கேட்டான்.

"எவ்வளவு நாளா?"

டிராகன் சிறகை மடக்கிக்கொண்டது.

"கடையில ஒருத்தருக்கு மாத்திரையை மாத்திக் கொடுத்துட்டேன். அப்புறந்தான் டாக்டர்கிட்ட போனேன்," என்றாள். "இருக்கிற பார்வையும் நிக்காதுன்னுட்டார்."

கிரீஸ் கையோடு அவள் கையைப் பிடித்தான். அவள் அதை இறுக்கிக்கொண்டாள்.

"நம்ம வீட்டுலேருந்து தெருவுக்கு இறங்க நாப்பத்திரெண்டு படிங்க," என்றாள். "இவ இன்னும் இருபதைத் தாண்ட மாட்டேங்கறா."