பதினோராம் கட்டில் கேஸ்

"எத்தனை விரல் தெரியுது, அய்யா?"

"ரெண்டு," என்றார் இருளாண்டி, கொஞ்சமும் யோசிக்காமல். பானுப்பிரியா காட்டியது ஒரு விரல்தான். போன உயிரில் பாதி அவளுக்குத் திரும்பி வந்தது.

எம்.பி.பி.எஸ். கடைசி வருடத் தேர்வு, அவளுக்கு இரண்டாவது முறை. போன தடவை ஃபெயிலானபோது ராமநாதபுரத்தில் முகம் தெரிந்த அத்தனை பேரும் துக்கம் விசாரித்துவிட்டார்கள். இன்னொரு தடவை அதைத் தாங்க அவளால் முடியாது.

பதினோராம் கட்டில் கிடைத்தது அவளுடைய நல்ல நேரம். இருளாண்டி வருடாவருடம் பரீட்சைக்கென்றே அழைத்து வரப்படுகிற நோயாளி. வாஸ்குலைட்டிஸ், அதாவது ரத்தக் குழாய்களில் அழற்சி வந்து, கண் நரம்பையும் கால் நரம்பையும் அடித்துவிட்ட கேஸ் என்று ஹாஸ்டலே மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

அவரும் தன் பங்குக்கு ஒப்பித்தார். "கோயில் திருவிழா நாடகத்துல ராசா வேசம் கட்டி நிக்கேன். வலது பாதம் பொசுக்குன்னு தொங்கிப்போச்சு. மறுவாரமே எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. என் வீட்டுக்காரியும் ரெண்டு. ஒண்ணையே சமாளிக்க முடியல, தாயி."

பானுப்பிரியா சிரித்துக்கொண்டே அவருடைய இடது கண்ணைக் கையால் மூடினாள். "இப்ப?"

"இப்பவும் ரெண்டுதான்."

அவள் சிரிப்பு நின்றது. இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பாததால் வருகிற இரட்டைப் பார்வை, ஒரு கண்ணை மூடினால் போய்விட வேண்டும். சாவியை எடுத்து அவர் உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தாள். தொங்கிக் கிடந்த பாதம் கூச்சத்தில் வெடுக்கென்று மேலே ஏறியது. நரம்பு அடிபட்ட பாதம் அப்படி ஏறாது.

"அய்யா, உங்களுக்கு எல்லாம் சரியாயிருச்சு," என்றாள், குரலைத் தாழ்த்தி.

இருளாண்டியின் முகம் சுருங்கிப்போனது. "சத்தமாச் சொல்லாதீக தாயி. மருந்துல போன வருசமே குணமாயிருச்சு. தெரிஞ்சா இங்கன கூப்பிட மாட்டாக. வருசத்துல இந்த ஒருநாள்தான் படிச்சவுக என்னைய அய்யான்னு கூப்பிடுறாக. பேசாம வியாதியை எழுதிருங்க. உங்களுக்குப் பாஸு, எனக்கு மரியாதை."

அவளுக்குப் பாவமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஆசையாகவும் இருந்தது. அதற்குள் தேர்வாளர் அப்துல் அஜீஸ் கட்டிலருகே வந்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா. என்ன கேஸ்?"

பானுப்பிரியா சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். "வாஸ்குலைட்டிஸ் இருந்திருக்கு, சார். இப்ப கண்ணு, நரம்பு ரெண்டும் நல்லா இருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் ரெண்டும் போயிருக்குன்னு எழுதியிருக்காங்க. ஆறு பேரும் தப்பா?"

முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. இருளாண்டியை ஏறிட்டுப் பார்க்கவும் தைரியமில்லை.

"எனக்குத் தெரியல, சார். நான் பார்த்தது இதுதான்."

இருளாண்டி கட்டிலை விட்டுக் குதித்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நீங்க சொல்லிக் குடுத்தபடி ஆறு பேரை ஏமாத்திட்டேன் டாக்டர், இந்தப் பிள்ளைக்கு மார்க்கைப் போடுங்க."